டவரிலிருந்து அறைக்குள்: தென்சென்னைப் புறநகரில் செல் சுருங்கிய கதை

செல்போன் என்று தினமும் சொல்கிறோம். அதில் உள்ள ‘செல்’ என்றால் என்ன என்று கேட்டால் பலர் பேட்டரி என்பார்கள். அது இல்லை. ஒரு டவரின் அலை எட்டும் வட்டாரத்துக்குத்தான் செல் என்று பெயர். தேன்கூட்டில் அறைகள் இருப்பது போல ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் வைத்தால் அது செல்லுலார் போன்.

இந்தச் செல்லின் வரலாறு முழுவதும் அது சுருங்கிய வரலாறுதான். முதலில் ஊர் அளவு இருந்தது. பிறகு பேட்டை அளவு, தெரு அளவு என்று ஆகி, இப்போது வீட்டுக்குள் ஓர் அறை அளவுக்கு வந்துவிட்டது. இது ஏன் நடந்தது, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், மேடவாக்கம் என்று நீளும் நம் புறநகரில் எப்படி நடந்தது, இதனால் யாருக்கு லாபம் என்று பார்ப்போம்.

ஒரே டவர் காலம்

1946-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் காரில் வைத்துப் பேசும் தொலைபேசியைத் தொடங்கியது. ஊருக்கு நடுவே உயரமான ஒரே ஆண்டெனா. அதில் சில தடங்கள். ஒரு தடத்தில் ஒருவர் பேசினால் ஊர் முழுவதும் அந்தத் தடம் அடைபட்டுவிடும். 1976-ல் கூட நியூயார்க் மாதிரி மாநகரத்தில் இந்த வகைச் சேவைக்கு 12 தடங்கள், ஐந்நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்கள். அவ்வளவுதான்!

இதற்கு விடை 1947 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். பெரிய டவர் ஒன்றுக்குப் பதிலாகச் சக்தி குறைந்த பல டவர்களை வைப்போம். ஓர் அறையில் பயன்படுத்திய தடத்தையே சற்றுத் தள்ளி இன்னோர் அறையில் மறுபடி பயன்படுத்துவோம் என்பது அதன் சாரம். அறுகோண அறைகள் என்ற யோசனை அவருடன் வேலை செய்த ரே யங் தந்தது. அலைக்கற்றை கூடவில்லை. ஆனால் அதே அலைக்கற்றை நூறு இடத்தில் வேலை செய்கிறது.

1973-ல் கையில் பிடிக்கும் செல்போனில் முதன்முதலில் பேசிய மார்ட்டின் கூப்பர் பிற்காலத்தில் ஒரு கணக்குச் சொன்னார். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வயர்லெஸ் கொள்ளளவு சுமார் பத்து லட்சம் மடங்கு பெருகியது. அதில் கூடுதல் அலைக்கற்றையால் வந்தது 25 மடங்கு. தடங்களை மெலிதாக நறுக்கியதால் 5 மடங்கு. நல்ல பண்பேற்ற முறைகளால் 5 மடங்கு. மீதி 1600 மடங்கு செல்லைச் சுருக்கியதால் மட்டும் வந்தது. பெருக்கிப் பாருங்கள், சரியாகப் பத்து லட்சம் வரும். விஞ்ஞானிகளின் மூளையை விடவும் டவர்களை நெருக்கி நட்டதுதான் அதிகம் சாதித்திருக்கிறது!

சென்னைக்குக் கிடைத்த 22 தடங்கள்

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் ஜோதிபாசு பேசியது. சென்னைக்கு உரிமம் பெற்றவை ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள். (ஸ்கைசெல் 2000-ல் ஏர்டெல் கைக்குப் போனது. ஆர்பிஜி பிறகு ஏர்செல் ஆனது. ஏர்செல் 2018-ல் திவால்.) நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வரும் அழைப்புக்கும் காசு என்றிருந்த காலம். அப்போது செல்போன் வைத்திருந்தவர் ஒன்று தொழிலதிபர், இல்லையென்றால் அவருடைய மாப்பிள்ளை.

ஒரு நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் கிடைத்த அலைக்கற்றை 4.4 மெகாஹெர்ட்ஸ். ஜிஎஸ்எம் முறையில் ஒரு தடத்துக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஆக மொத்தம் 22 தடங்கள். பக்கத்துச் செல்கள் மோதாமல் இருக்க இவற்றை 12 பங்காகப் பிரிப்பது அப்போதைய வழக்கம். அப்படியானால் டவரின் ஒரு முகத்துக்கு இரண்டு தடம் கூட முழுதாக வராது. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தடத்தில் 8 பேர் நேரம் பிரித்துப் பேசலாம். 16 இடங்களில் ஒன்றிரண்டு கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போக, மிஞ்சுவது 14. மூன்று முகத்துக்கும் சேர்த்து ஒரு டவரில் ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் ஏறக்குறைய 40 பேர்.

தாம்பரம் மாலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. சானடோரியம் அருகே 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. ரயிலில் இறங்குபவர், மெப்ஸ் ஷிப்ட் முடிந்து வருபவர், தென்மாவட்ட பஸ்ஸுக்கு நிற்பவர் எல்லோரும் ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும்தான். 40 பேருக்கான இடம் எந்த மூலைக்கு?

16 ரூபாய் கட்டணம் இருந்தவரை கூட்டம் இல்லை. 2003 மே மாதம் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போனைக் கையில் கொடுத்தது. 2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்றது. அதன் பிறகு எல்லார் கையிலும் போன், எல்லார் வாயிலும் “டவர் இல்லை”. உண்மையில் டவர் இருந்தது. அதில் இடம்தான் இல்லை.

செல்லின் ஆரத்தைப் பாதியாக்கினால் அதே பரப்புக்கு நான்கு மடங்கு டவர் வேண்டும். நம் பகுதியில் அதற்கும் சிக்கல். வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம், தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். நடுவில் உயரக் கம்பம் நடக் கறாரான அனுமதி வேண்டும். திரிசூலம், பல்லாவரம் மலைகள் வேறு நிழல் போடுகின்றன. ஆகவே டவர்கள் வீட்டு மொட்டை மாடிகளுக்கு வந்தன. கூடவே கதிர்வீச்சுப் பயமும் வந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மக்களின் பயத்துக்கு அது ஒரு பதில். ஆனால் டவரின் குரல் தாழ்ந்தால் சுவருக்குள் இருப்பவருக்குக் கேட்பதும் குறையுமே?

கிண்டிக் காட்டுக்குள் ஒரு முயற்சி

சின்ன செல் என்ற யோசனை நமக்கு வெளிநாட்டுச் சரக்கு மட்டும் அல்ல. 1990-களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி ஆகியோர் இருந்த டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கருவியை உருவாக்கியது. அதன் அடிப்படை டெக்ட் என்ற ஐரோப்பியத் தரநிலை. அது அலுவலகக் கட்டடத்துக்குள் கம்பியில்லாத போனில் பேசுவதற்காக வந்தது. அதாவது பிறப்பிலேயே உள்ளறைச் செல்!

டெக்ட்டில் ஓர் அழகான விஷயம் உண்டு. எந்த இடத்தில் எந்தத் தடம் என்று யாரும் மேலிருந்து திட்டம் போட வேண்டாம். கருவியே காது கொடுத்துக் கேட்டு, அந்த நேரத்தில் எது அமைதியாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஐஐடி குழு இந்தக் கட்டடத்துக்குள்ளான நுட்பத்தை வெளியே கொண்டுபோய், பள்ளம் தோண்டிக் கம்பி புதைக்காமலே கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுக்கப் பயன்படுத்தியது. நகரும் செல்போன் மலிவானதும் கார்டெக்ட் பின்னுக்குப் போனது. ஆனால் “செல் சின்னதாக இருக்கட்டும், தடத்தை அதுவே தேடிக்கொள்ளட்டும்” என்ற எண்ணம் பத்து வருடம் கழித்து வேறு பெயரில் உலகமெங்கும் திரும்பி வந்தது.

சுவருக்குள் இருப்பவர் ஏன் சுமை?

இங்கே கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், தெருக்குழாயை நினைத்துக்கொண்டால் போதும்.

குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில் வருகிறது. வாளி வைத்திருப்பவர் அரை நிமிடத்தில் பிடித்துவிட்டுப் போகிறார். வாய் குறுகிய குடம் வைத்திருப்பவர் சிந்தாமல் மெல்லப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். இருவரும் எடுத்துப் போவது அதே ஒரு குடம் தண்ணீர்தான். ஆனால் வரிசையை நிறுத்தி வைப்பது யார்?

டவரும் அப்படித்தான். சிக்னல் தெளிவாக இருப்பவருக்கு ஒரே துடிப்பில் நிறைய பிட்டுகளை அடைத்து அனுப்பலாம். சிக்னல் மங்கலாக இருப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பிழை திருத்தும் கூடுதல் பிட்டுகளோடு அனுப்ப வேண்டும். 4ஜி தரநிலையில் மிக நல்ல நிலைக்கும் மிக மோசமான நிலைக்கும் இடையே 30 மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஒரு சுவர் அலையின் சக்தியைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கலாம். கான்கிரீட்டும் உள்சுவர்களும் சேர்ந்தால் நூறில் ஒன்று. ஓ.எம்.ஆர். கட்டடங்களின் உலோகப் பூச்சுக் கண்ணாடி இன்னும் மோசம். வெயிலைத் தடுக்கும் அதே பூச்சு அலையையும் தடுக்கிறது.

அலைவரிசை உயர உயரச் சுவரைக் கடப்பதும் கடினமாகிறது. தொடக்க காலத்தில் 900 மெகாஹெர்ட்ஸ். 3ஜி வந்தபோது 2100. ஜியோவின் 4ஜியில் ஒரு பங்கு 2300. 5ஜியில் 3300. ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியே வேகம் கூடியது, உள்ளே நுழைவது குறைந்தது.

இதிலிருந்து வரும் முடிவு முக்கியம். உள்ளறையில் இருக்கும் ஒருவருக்கு அங்கேயே ஒரு சின்ன செல் வைத்துவிட்டால், டவருக்கு மிச்சமாவது ஒருவரின் இடம் மட்டும் அல்ல. பத்து வெளியாட்களுக்குப் போதுமான இடம் கூட மிச்சமாகலாம். வீட்டுக்குள் கிணறு வெட்டிக் கொடுத்தால் குறுகிய குடக்காரர் குழாயடிக்கு வர மாட்டார். நிம்மதி அவருக்கு மட்டும் அல்ல, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்தான்.

பெம்டோசெல் ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை?

அந்தக் கிணற்றின் பெயர் பெம்டோசெல். பார்க்க வைஃபை பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது செல்போன் நிறுவனத்தின் சொந்த அலைவரிசையில் இயங்கும் குட்டி டவர். வீட்டு பிராட்பேண்ட் வழியாக நிறுவனத்தோடு பேசும். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் 2007-ல் தொடங்கியது, பிரிட்டனில் வோடபோன் 2009-ல், மறுபடி அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2010-ல்.

இங்கே அது வீட்டுக்கு வீடு பரவவில்லை. எனக்குத் தெரிந்து நான்கு காரணங்கள்.

முதலாவது அலைக்கற்றை. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டு வட்டத்துக்கு ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூன்றும் தலா 1464.94 கோடி ரூபாய் கொடுத்து 3ஜி உரிமம் வாங்கின. கிடைத்தது போக 5, வர 5 மெகாஹெர்ட்ஸ். 3ஜியின் ஒரு தடத்துக்கே 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதாவது இத்தனை கோடிக்கு ஒரே ஒரு தடம்! வெளி டவருக்கும் அதுதான், உள்ளே பெட்டி வைத்தால் அதற்கும் அதுதான். சுவர் ஓரத்தில் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இரண்டு தடம் இருந்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஒதுக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாவது கம்பி. 2004 கொள்கைப்படி நம் நாட்டில் பிராட்பேண்ட் என்றால் 256 கிலோபிட். 2013-ல்தான் அது 512 ஆனது. இந்த வேகத்தில் குட்டி டவரை மாட்டுவது ஒற்றையடிப் பாதையில் பஸ் ஓட்டுவது மாதிரி.

மூன்றாவது காசு. விநாடிக்கு ஒரு பைசா தரும் வாடிக்கையாளருக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள பெட்டியை யார் இலவசமாகக் கொடுப்பார்கள்?

நான்காவது நம் குடும்பம். அப்பாவிடம் பிஎஸ்என்எல், அம்மாவிடம் ஏர்செல், அண்ணனிடம் ஏர்டெல் என்று ஒரே வீட்டில் மூன்று சிம் இருக்கும். ஒரு நிறுவனத்தின் பெட்டி ஒருவருக்குத்தான் உதவும்.

கிணறு வராததால் சிலர் குறுக்குவழி தேடினார்கள். அனுமதியில்லாத ‘சிக்னல் பூஸ்டர்’ கடைகளில் கிடைத்தது. மொட்டை மாடியில் ஓர் ஆண்டெனா, உள்ளே ஒரு பெட்டி. நான்கு கோடு காட்டும், வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் அது சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கி டவரின் காதில் கத்துகிறது. இதனால் அந்தச் செல்லில் உள்ள மற்ற எல்லோருக்கும் அழைப்பு கெடுகிறது. அனுமதியின்றி இதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். சின்ன செல்லுக்கும் பூஸ்டருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னது வீட்டுக்குள் கிணறு, பின்னது தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது. இரண்டிலும் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வரும். தெருவுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம்.

தோற்ற பெட்டியும் ஜெயித்த யோசனையும்

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. டேட்டா தண்ணீராக ஓடியது. 2019 செப்டம்பரில் ஜியோபைபர் வணிக ரீதியாக வந்து, வீட்டுக்கு பைபர் என்பது போட்டியாக மாறியது. 2019 டிசம்பரில் ஏர்டெல், 2020 ஜனவரியில் ஜியோ, வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு பேசும் வசதியைக் கொடுத்தன. பெம்டோசெல் செய்ய நினைத்த வேலையை வைஃபை பெட்டி செய்துவிட்டது. அது எந்த நிறுவனத்துக்கும் பொது, அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம், அப்பா அம்மா அண்ணன் மூன்று பேரின் போனும் ஒரே பெட்டியில். நான்கு காரணங்களும் ஒரே அடியில் போயின!

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. பைபர் வாங்க முடியாதவர்?

2020 மார்ச் ஊரடங்கில் இதற்குப் பதில் தெரிந்தது. ஓ.எம்.ஆர். கட்டடங்களின் கூரையில் பதித்திருந்த உள் ஆண்டெனாக்களின் கீழே ஆள் இல்லை. அந்த வேலை முழுவதும் வேளச்சேரி, மேடவாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் வீடுகளுக்கு வந்தது. கூடவே பள்ளியும் கல்லூரியும் வந்தன. 2021 தொடக்கத்தில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் டேட்டா கார்டு தண்ணீர் டோக்கன் மாதிரி. டோக்கன் இருந்தாலும் குழாயடிக்குப் போகத்தானே வேண்டும்? நடு அறையில் உட்கார்ந்த மாணவர் குறுகிய குடக்காரர். அவர் தானும் சரியாகப் பாடம் கேட்கவில்லை, அவரால் தெருவின் வரிசையும் நின்றது. பைபர் உள்ள வீட்டுப் பிள்ளை தடையில்லாமல் தேர்வு எழுத, அது இல்லாத வீட்டுப் பிள்ளை மொட்டை மாடிக்குப் போனது.

அதே நேரம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பைபர் உள்ள ஒவ்வொரு வீடும் டவரை விட்டு இறங்கியதால்தான், மொட்டை மாடிக்குப் போன பிள்ளைக்கு அந்த அளவாவது கிடைத்தது. இது யாரும் தர்மமாகச் செய்தது அல்ல. ஆனால் பலன் உண்மை.

கிணறு வற்றும் நாள்

உள்ளே வைக்கும் செல்லே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றால் வீட்டுப் பெட்டிதான் முதலில் அணையும். டவருக்காவது பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் உண்டு. டீசல் தீரும் வரை தாங்கும். பல டவர்களில் அதுவும் தீர்ந்தபோது, மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லக்கூட வழியில்லாமல் போனது. ஆகவே சின்ன செல் சுமையைக் குறைக்கலாம். டவருக்கு மாற்றாக முடியாது. டவரின் எண்ணிக்கையைக் குறைக்க இதை ஒரு சாக்காக வைத்தால், அடுத்த வெள்ளத்தில் விலை கொடுப்பது ஆற்றோரத்து மக்கள்தான்.

இனி என்ன?

2022 அக்டோபரில் ஏர்டெல் 5ஜி தொடங்கிய முதல் எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதே ஆண்டு மே மாதம், ஐஐடி சென்னை தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கு மேலான செலவில் உருவாக்கிய 5ஜி சோதனைக் களமும் திறக்கப்பட்டது. கார்டெக்ட் பிறந்த அதே வளாகம்! 3300 மெகாஹெர்ட்ஸ் வந்த பிறகு பழைய கேள்வி இன்னும் பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறது: உள்ளே எப்படி நுழைவது?

2024 அக்டோபரில் ட்ராய் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. கட்டடங்களுக்கு அவற்றின் உள் இணைப்பு வசதியைப் பொறுத்து நட்சத்திர மதிப்பீடு கொடுப்பது. ஆனால் மதிப்பீடு கேட்டு வருவது கட்டடக்காரரின் விருப்பம். மால்களும் ஐடி வளாகங்களும் கேட்கும். குரோம்பேட்டையில் பன்னிரண்டு வீடு உள்ள பழைய அடுக்ககம் கேட்குமா? அரசு மருத்துவமனையின் உள் வார்டு கேட்குமா? 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பொங்கலுக்கு முதல் நாள் அங்கே கூரையின் கீழே எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் டிக்கெட்டைத் திறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான உள் செல் அவசியம்.

இதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தன் வீட்டு மொட்டை மாடித் தண்ணீரைத் தன் மண்ணுக்குள்ளேயே விட்டவர், தன் கிணற்றுக்கு மட்டும் செய்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் நீர் ஏறியது. உள் செல்லும் அதே வகைதான். கட்டும்போதே ஒரு குழாய்வழி, ஒரு மின் இணைப்பு, எந்த நிறுவனமும் வந்து மாட்ட ஒரு சிறு இடம். கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அலைக்கற்றை என்பது ஏரி மாதிரி பொதுச்சொத்து. உள்ளே இருப்பவருக்கு உள்ளேயே வழி செய்து கொடுத்தால், பூக்கடையில் கியூஆர் அட்டை மாட்டியிருக்கும் அம்மாவுக்கும், ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் அண்ணனுக்கும் வெளியே இடம் கிடைக்கும். அவர்களுக்கு வைஃபை அறை கிடையாது. டவர் ஒன்றுதான் உண்டு.